பச்சைப் பட்டை

மண்டை கெட்டியாக இருந்தால் மூளை பத்திரமாக இருக்கும் என்று கபடி ஆடுகிறவர்களும், அதைப் பார்த்துக் கைதட்டுகிறவர்களும், ஆடுகிறவர்களைப் பெற்றவர்களும் நம்பிவருகிறார்கள். இது தவறு. சாதாரணத் தவறு அல்ல. பூமி தட்டை என்பதற்குப் பக்கத்தில் உட்காரவைத்து, எழுந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு திருத்தவேண்டிய தவறு. மூளை மண்டைக்குள் செங்கல் மாதிரிப் பதிந்திருக்கவில்லை. நீரில் மிதக்கிறது. தலை சட்டென்று திரும்பினாலோ நின்றாலோ அது ஒரு கணம் பின்தங்கி, குலுங்கி, முறுக்கிக்கொள்கிறது. மண்டை எவ்வளவு கெட்டியோ அவ்வளவு கெட்டியான சுவரில்தான் போய் மோதுகிறது. தூக்குச்சட்டியில் தயிர் கொண்டுபோகிறவன் சைக்கிளோடு விழுந்தால் சட்டி நசுங்காமல் தப்பலாம், உள்ளே தயிர் உறைந்தபடி இருக்குமா என்று மூன்றாம் ஆண்டு மாணவர்களிடம் வருடம் தவறாமல் கேட்பது விலங்கியல் பேராசிரியர் அரங்கநாயகத்தின் வழக்கம். இந்த உவமையால் மாணவர்களுக்கு எதுவும் நேர்ந்ததில்லை. அவருக்குத்தான் தயிர் இறங்காமல் போய்விட்டது. இப்போது போட்டிக்கு வந்த அணிகளுக்குச் சாப்பாடு போடும் கல்யாண மண்டபத்துப் பந்தியில், கல்லூரிக் கபடி அணிக்கு நடுவே, இன்னும் சாம்பார்கூட வராத இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, கடைசியில் தயிர் வரும் என்று நினைத்தபோதே அவருக்குக் குமட்டியது. குமட்டுவதற்கு வேறு காரணங்களும் இருந்தன. இரண்டு பக்கமும் ஈரப் பனியன் வாடை. வலி மருந்துத் தைல வாடை. இலையில் தண்ணீர் தெளிக்கிறேன் என்று பக்கத்துப் பையன் விரலை உதறியதில் அவர் கண்ணாடியில் விழுந்த இரண்டு துளி. அணியோடு ஆசிரியர் ஒருவர் மேலாளராகப் போகவேண்டும் என்று பல்கலைக்கழகம் விதி வைத்திருந்தது. போட்டி மேஜையில் ஆடுகிறவர்களின் பெயரைச் சொல்லவேண்டியவர் அவர்தான், அவர் பெயர் சொல்லாதவன் களத்தில் இறங்க முடியாது. மற்றபடி மேலாளருக்கு வேலை கிடையாது, பையன்களுக்கு நடுவே உட்கார்ந்து சாப்பிடுவதைத் தவிர. அதுதான் அவருக்கு இருப்பதிலேயே கடினமான வேலை.

வலது பக்கம் உட்கார்ந்திருந்த மருதமுத்து தன் இலையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அணியின் முக்கிய ரெய்டர் அவன்தான், எதிரணிக்குள் பாடிப்போய் ஆளைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறவன். காலையில் அரையிறுதியில் திரும்பும்போது கோட்டுக்காகக் குப்புறப் பாய்ந்தான், பிடிக்க வந்தவனின் முழங்கால் அவன் காதுக்கு மேலே இடித்தது. சத்தம் ஒன்றும் பெரிதாக இல்லை, முற்றிய வெண்டைக்காயை ஒடித்த மாதிரி. மயங்கவில்லை. எழுந்தான், மண்ணைத் தட்டினான், நேராக எதிரணியின் பெஞ்சுக்குப் போய் அவர்களுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டான். மைதானமே சிரித்தது. அரங்கநாயகமும் சிரித்தார், சிரித்தது இப்போது பல்லிடுக்கில் நார் மாதிரி மாட்டிக்கொண்டிருக்கிறது. உடற்கல்வி இயக்குநர் மாரப்பன் ஓடிப்போய் அவன் பிடரியில் குளிர் மருந்தை அடித்து, பேரென்ன, எந்தக் காலேஜ் என்று கேட்டு, இரண்டுக்கும் சரியான பதில் வந்ததும் அவன் மணிக்கட்டைப் பிடித்து மேலே தூக்கிக் காட்டினார். மணிக்கட்டில் பச்சை ரப்பர் பட்டை. ‘பச்சைங்க சார், ஒண்ணும் ஆகாது’ என்று அரங்கநாயகத்தைப் பார்த்துக் கத்தினார். அரங்கநாயகம் தலையாட்டினார். ஏன் ஆட்டினார்? மயங்கி விழுந்தால்தான் மூளைக்கு அடி என்பதும் தவறு என்று அவருக்குத் தெரியும், அதையும் மூன்றாம் ஆண்டில் நடத்துகிறார், அதற்கு உவமைகூட வைத்திருக்கிறார். உவமை நினைவுக்கு வந்தது, வாய் வரவில்லை. அந்தப் பட்டையைக் கட்டிவிட்டவரே அவர்தான், அது காரணமாக இருக்குமா? இருக்காது. வெயில். வெயிலில் யாருக்கும் எதுவும் சட்டென்று தோன்றாது.

அந்தப் பட்டைகளின் கதை ஆறு மாதம் பழையது. பழைய மாணவன் ஒருவன் மரபணுச் சோதனை செய்யும் நிறுவனத்தில் சேர்ந்து, கழுத்துப்பட்டையும் நறுமணமுமாக வந்து நின்றான். சார், உங்க பசங்க எச்சிலைக் கொடுத்தால் போதும், யார் தலை அடி தாங்கும், யார் தலை தாங்காது என்று நிறம் பிரித்துத் தருகிறோம், பச்சை, மஞ்சள், சிவப்பு, உங்களுக்கு ஓர் ஆய்வுக்கட்டுரை, எங்களுக்கு ஒரு விளம்பரம். அறிவியல் அப்படிச் சொல்லவில்லை என்று அரங்கநாயகம் அவனிடம் சொன்னார், அதைச் சொன்னதற்காகத் தன்னையே கொஞ்சம் மெச்சிக்கொண்டார். ஒரு குறிப்பிட்ட மரபணு வகையைப் பெற்றோரிடமிருந்து வாங்கிவந்தவர்களுக்கு மூளைக் காயம் ஆறத் தாமதமாகக்கூடும் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன, அப்படியொன்றும் காணோம் என்று வேறு சில சொல்கின்றன, அடிபடும் வாய்ப்பையே அது கூட்டுமா என்பது இன்னும் மங்கல். எல்லாம் கூடும், கூடும், கூடும். பழைய மாணவன் பணிவாகக் கேட்டுக்கொண்டு, ஆமாம் சார், அந்தக் கூடும் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் மூன்று நிறமாக்கியிருக்கிறோம் என்றான். பிறகு எச்சில் எடுக்கும் நாள். பயிற்சி முடிந்து வந்த பையன்கள் கண்ணாடிக் குழாய்களை வாயில் வைத்துக்கொண்டு வரிசையாகக் காறுகிறார்கள். அந்தச் சத்தம்! அடித்தொண்டையிலிருந்து, மூக்குக்குப் பின்னாலிருந்து, எங்கெங்கிருந்தோ. குழாயின் கோடுவரை நிரம்பவேண்டும், நுரை கணக்கில் சேராது. எச்சில் என்பது தொண்ணூற்றொன்பது பங்கு தண்ணீர் என்று அரங்கநாயகத்துக்குத் தெரியும். அவர் வளர்ந்த வீட்டில் டம்ளரைத் தூக்கிக் குடிப்பார்கள், உதட்டில் பட்ட டம்ளரைத் தனியாக வைப்பார்கள், கடித்த பண்டத்தைக் கைமாற்ற மாட்டார்கள். தொண்ணூற்றொன்பது பங்கு பாடப்புத்தகத்திலேயே நின்றுவிட்டது, மீதி ஒரு பங்குதான் அவரை ஆண்டது. வெளியே தாழ்வாரத்துக்குப் போய் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவ்வளவுதான். மேற்பார்வை அரங்கநாயகம் என்று எழுதியிருந்தார்கள், மரத்தையும் மேற்பார்வை செய்யலாம். முடிவுகள் வந்தபோது பலருக்கு மஞ்சள், மூன்று பேருக்குப் பச்சை. அந்த மூவரின் முடிவும் ஓர் இடம் விடாமல் ஒன்றாக இருந்தது. மருதமுத்து, கோபி, லோகு. மூவர் ஊரும் பத்து மைலுக்குள். இங்கே எந்த மடையனுக்கும் ஒரு சந்தேகம் வந்திருக்கும், அரங்கநாயகத்துக்குக் கருத்து வந்தது. காவிரிக்கரையின் இந்த வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்குள்ளேயே பெண் எடுத்துப் பெண் கொடுத்ததில் மூளைக்குக் காப்பான மரபு வகை ஒன்று கெட்டிப்பட்டிருக்கிறது என்று கருத்தரங்கில் இருபது நிமிடம் வாசித்தார். கைதட்டினார்கள். மாரப்பன் எழுந்து நின்று தட்டினார். கட்டுரையைக் கருத்தரங்க மலரில் அச்சடிப்பதாகச் சொன்னார்கள்.

சாம்பார் வந்தது. ஊற்றுகிறவரின் முழங்கையில் வழிந்த வியர்வை கரண்டிப் பிடியை நோக்கி இறங்குவதை அரங்கநாயகம் பார்த்தார், பார்க்காமல் இருந்திருக்கலாம், சோற்றில் குழி செய்யாமல் கையை வைத்துக்கொண்டார். கல்யாண வீட்டுக்காரர் மாதிரிப் பந்தியை விசாரித்துக்கொண்டே மாரப்பன் வந்தார். “என்னங்க சார், தொடவே இல்லை? கூட்டு புடிக்கலீங்களா? டேய் மருதை, எப்படிடா இருக்கே?” மருதமுத்து நிமிர்ந்து, நல்லாருக்கேனுங்க சார் என்றான், சொல்லும்போது ஜன்னல் பக்கத்துக் கண்ணை மட்டும் மூடிக்கொண்டான். “இவன் மண்டையப் பத்திக் கவலையே இல்லீங்க சார். இவுங்க ஊர்ல ஆடிக்கு ஆடி சாமி முன்னால தலையில தேங்கா ஒடைப்பாங்க. அப்பன் மண்டை, பாட்டன் மண்டை, எல்லாம் ஒடைச்ச மண்டைங்க. அது மேல உங்க பச்சை வேற. சாயங்காலம் போலீஸ் டீம்காரங்க வந்து உக்காருவாங்க, இவனப் பாக்கத்தான் வர்றாங்க. இன்னிக்கு ஒரு ஆட்டம், வேலை ஆயிரும், குடும்பம் எந்திரிச்சுரும்.” மாரப்பன் அடுத்த வரிசைக்கு நகர்ந்தார். உடைச்ச மண்டை. தேங்காய் உடைந்தது என்பதற்கும் உள்ளே ஒன்றும் குலுங்கவில்லை என்பதற்கும் என்ன சம்பந்தம்? அப்பனுக்கு அப்பன் தலைகொடுத்து எத்தனை பேர் பிறகு பேச்சுக் குழறி மூலையில் கிடந்தார்கள் என்று எண்ணியது யார்? கிடந்தவனைக் குடும்பம் சொல்லிக்கொள்ளாது, நின்றவனைத்தான் சொல்லும். இது நல்ல கருத்து, இதை எழுதலாம். உடனே அந்த நினைப்பின்மேலேயே அவருக்கு அருவருப்பாக இருந்தது. “சார்,” என்றான் மருதமுத்து, “செமி எப்பங்க சார்?” “காலையிலேயே முடிஞ்சுது. ஜெயிச்சாச்சு.” “ஆமாங்க சார்,” என்று சிரித்தான், “நெனப்பிருக்குங்க சார்.”

இடது பக்கத்து லோகு எப்போதும் எதையாவது மென்றுகொண்டிருப்பவன். மாற்று ரெய்டராகப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதுதான் அணியில் அவன் இடம், பெஞ்சில் மெல்லலாம். தன் அப்பளத்தை ஒரு கடி கடித்தான், மீதியை அரங்கநாயகத்தின் இலைக்கு மேலாகக் கை நீட்டி மருதமுத்துவின் சோற்றில் குத்தி நிறுத்தினான். பல்லின் வளைவு அப்பளத்தில் அப்படியே, ஈரத்தோடு. அரங்கநாயகத்தின் முகம் தானாகக் கோணியது. “என்னங்க சார் மூஞ்சியச் சுளிக்கறீங்க, எச்சின்னா? இவனுக்கு நான் துப்பியே குடுத்திருக்கேங்க சார், அப்பளம் பெருசா?” என்ன துப்பிக் கொடுத்தாய் என்று கேட்டார். “அதாங்க சார், நம்ம டியூபு. என்னுது, இவனுது, கோபியுது. பிராக்டீஸ் முடிச்ச கையோட தண்ணி குடிக்காம துப்புடான்னா எங்கீங்க சார் வரும்? இவன் கக்கிக் கக்கி நொரைதான் வந்துச்சு. நான் கண்ண மூடிட்டுப் புளியங்காய நெனச்சேன், மூணும் ரொம்பிப் போச்சு.” மருதமுத்து மெதுவாகச் சிரித்தான். “நல்லாத் துப்புவானுங்க சார்.” “நான் அங்கேதானே இருந்தேன்?” என்றார் அரங்கநாயகம். “நீங்க எங்கீங்க சார்? வெளியில கர்ச்சீப்ப மூக்குல வெச்சுக்கிட்டு வேப்பமரத்தப் பாத்துட்டு நின்னீங்க. டியூபு குடுத்த அந்தக்கா கூட, சாருக்கு மரம்னா உசுரு போலிருக்குன்னு சொன்னாங்க.”

ஆக, ஒரு வாய். காவிரிக்கரை அல்ல, பத்து மைல் அல்ல, தலைமுறைகளாகப் பெண்கொடுத்துப் பெண்ணெடுத்ததும் அல்ல, ஒரே ஒருவனின் வாய், புளியங்காயை நினைத்த வாய், அதைத்தான் அவர் இருபது நிமிடம் வாசித்தார், அதற்குத்தான் எழுந்து நின்று தட்டினார்கள். லோகுவின் எச்சிலை வெள்ளித்தட்டில் ஏந்திக்கொண்டு மேடை ஏறியிருக்கிறார். டம்ளரை உதடு படாமல் தூக்கிக் குடிக்கிற அரங்கநாயகம். ரசம் வந்தது, வேண்டாம் என்று கையை இலைக்கு மேல் விரித்தார், விரித்த கையின்மேல் ஊற்றிவிட்டுப் போனார்கள். சூடு. சூடு நல்லது, வேறெதையும் நினைக்கவிடாது. ஆனால் நினைத்தார். யாரிடமும் சொல்லவேண்டியதில்லை. லோகுவுக்கே இது என்னவென்று தெரியாது, அவனுக்கு இது அப்பளத்துக்குச் சமம். மருதமுத்துவின் உண்மையான நிறமும் பச்சையாகவே இருக்கக்கூடும், கூடும் என்பது அவருக்குப் பிடித்த சொல்லாயிற்றே. மஞ்சளாகவும் இருக்கக்கூடும். எந்த நிறமானால் என்ன, காலையில் இடிபட்டவன் சாயங்காலம் ஆடக்கூடாது என்பதற்கு எச்சில் எதற்கு, குழாய் எதற்கு? எதிரணி பெஞ்சில் போய் உட்கார்ந்தானே, அதைவிட வேறென்ன சோதனை வேண்டும்? லோகு இப்போது சொன்னதனால் எதுவும் மாறவில்லை. இது காலையிலேயே அவருக்குத் தெரிந்த விஷயம், தெரிந்துகொண்டே தலையாட்டினார். ஏனென்றால் அந்தப் பச்சை அவருடையது, அவன் தலை எழுந்து நடந்தபோது அவருடைய கட்டுரையும் சேர்ந்து எழுந்து நடந்தது. இந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு சடாரென்று ரசத்துக்குத் திரும்பியது. புளி கரைத்தவன் கை கழுவியிருப்பானா? நகம் வெட்டியிருப்பானா? மறுபடி தலை. இரண்டாவது இடி. முதல் இடியில் குலுங்கியது இன்னும் அடங்காதபோது இரண்டாவது விழுந்தால் என்று ஒரு பாடம் இருக்கிறது, அதற்கு அவர் உவமை வைத்துக்கொள்ளவில்லை, வைத்துக்கொள்ள முடிந்ததில்லை, அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுத் திருப்பிவிடுவார். நகம். புளி. முழங்கால். வெண்டைக்காய்.

“வெளிச்சம் கண்ணக் குத்துதா?” என்று மருதமுத்துவிடம் கேட்டார். “லேசாங்க சார். எனக்கு எப்பவுமே அப்படித்தான். எங்கம்மாவுக்கும் வரும், அரைத்தலை வலி வந்தா ரெண்டு நாளு இருட்டுல படுத்துக்கும். எங்க மாமாவுக்கும்.” “எந்த மாமா?” “அம்மா கூடப் பொறந்தவருங்க சார். அவரும் ஆட்டக்காரரு. வயசுல ஒருக்கா ஆடறப்ப சும்மா லேசா ஒரு இடி, விழக்கூட இல்லையாம். ஊட்டுக்கு வந்து கஞ்சி குடிச்சவரு மூணு நாளு கண்ணு தொறக்கல. சாமி குத்தம்னு சொல்லிட்டாங்க. ஒரு கை இன்னும் வராது அவருக்கு.” சொல்லிவிட்டு உருண்டை பிடித்து வாயில் போட்டுக்கொண்டான், ரசத்தில் லட்டை உதிர்த்துப் பிசைந்த உருண்டை. அதை அவன் கவனிக்கவில்லை, அரங்கநாயகம் கவனித்தார். அம்மாவுக்கும் மாமாவுக்கும் அரைத்தலை வலி, லேசான இடிக்கு மூன்று நாள் உறக்கம். நரம்பணுவின் வாசலில் கால்சியத்தை உள்ளே விடும் மரபணு ஒன்று உண்டு, அபூர்வமாகச் சில குடும்பங்களில் அதில் ஒரு பிசகு ஓடும், அந்தக் குடும்பத்தில் தலைவலியும் வரும், சின்ன இடிக்கே மூளை வீங்கியும் போகும். இவன் குடும்பம் அதுவாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அந்த நிறுவனம் இந்த மரபணுவைப் பார்ப்பதே இல்லை, பெரிய பட்டியலில் அதற்கு நிறம் கிடையாது. அதாவது மருதமுத்துவே வாய் நிறையத் துப்பியிருந்தாலும் பச்சை வந்திருக்கலாம். அவன் மாமாவுக்கும் பச்சை கட்டிவிட்டிருப்பார்கள், வராத கையில். ஆறு மாதத்தில் ஒருநாள் அவனைக் கூப்பிட்டு, உங்கள் வீட்டில் யாருக்காவது என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் வந்துவிழுந்திருக்கும் பதில், எச்சில் படாமல், சுத்தமாக. அவர் கேட்கவில்லை. குழாயைக் கேட்டார். “சார்,” என்றான் மருதமுத்து, குரலைத் தாழ்த்தி, “பி.டி. சார்கிட்ட மாமா கதையச் சொல்லீராதீங்க. இன்னிக்கு ஆடியே ஆகணும். போலீஸ் வேலைன்னா அம்மா மில்லுக்குப் போகவேண்டியதில்லைங்க சார்.”

தயிர் வந்தது. கெட்டித் தயிர், வாளியிலிருந்து அலுமினியக் கரண்டியில் வழித்து இலையில் தொப்பென்று போட்டார்கள், விழுந்த வேகத்தில் அது நடுவில் பிளந்து நடுங்கிற்று, பிளவிலிருந்து தெளிந்த நீர் கசிந்தது. அரங்கநாயகம் பார்வையைத் தூக்கிக்கொண்டார். எதிரே சுவரில் மணமக்களின் பெயர் தொங்கவிடும் கொக்கிகள். சொன்னால் மில்லுக்குப் போகிறவள் போய்க்கொண்டே இருப்பாள். சொல்லாவிட்டால், ஒருவேளை ஒன்றும் ஆகாது, பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, இந்தப் பெரும்பாலும் என்ற சொல்லின்மேல் ஏறித்தான் மனிதர்கள் எல்லா இடத்துக்கும் போகிறார்கள். போலீஸ், வேலை, மலர், அச்சு, கட்டுரையைத் திரும்ப வாங்கினால் துறைத்தலைவர் என்ன கேட்பார், காரணம் எச்சில் என்று எழுதவேண்டுமா, எச்சிலை எப்படிக் கௌரவமாக எழுதுவது, உமிழ்நீர்ப் பரிமாற்றம் என்று எழுதலாமா. பந்தி எழுந்தது. மருதமுத்து தயிர்ச்சோறு ஒட்டிய கையோடு எழுந்து கழுவும் தொட்டிக்குப் போனான். குழாயைத் திறந்தான். இடது கையை நீரில் காட்டி, விரல் விரலாகத் தேய்த்து, புரட்டிப் பார்த்து, மறுபடி தேய்த்துக் கழுவினான். துண்டில் துடைத்தான். வலது கையில் தயிர்ச்சோறு அப்படியே இருக்க, திரும்பி நடந்து வந்தான். வந்து அரங்கநாயகத்தைப் பார்த்து, “சார், செமி எப்பங்க சார்?” என்றான்.

அரங்கநாயகம் அவன் வலது மணிக்கட்டைப் பிடித்துத் தொட்டிக்குத் திரும்ப அழைத்துப்போனார். குழாயடியில் அந்தக் கையை நீட்டவைத்து, தன் விரல்களாலேயே அவன் விரலிடுக்குகளிலிருந்து பருக்கைகளை வழித்தெடுத்தார். வழுவழுவென்று, வெதுவெதுப்பாக, அவனுடைய எச்சில் பட்ட சோறு. வாந்தி வரும்போல இருந்தது, வரவில்லை. ஈரத்தில் வழுக்கிய பச்சைப் பட்டையையும் உருவினார். மாரப்பன் பின்னாலேயே வந்துவிட்டார். “என்னங்க சார் பண்றீங்க?” “மருதமுத்து சாயங்காலம் ஆடக்கூடாது, மாரப்பன்.” “பச்சைங்க சார்!” “அது இவன் பச்சை இல்லை. லோகு பச்சை.” “பச்சையில என்னங்க சார் லோகு பச்சை, மருதை பச்சை?” “மூணு டியூப்லயும் இருந்தது லோகுவோட எச்சில்.” தொட்டியைச் சுற்றி நின்றவர்களில் யாரோ கெக்கலித்தான். லோகு கூச்சத்தோடு தலையைச் சொறிந்தான். மாரப்பனுக்கு அது உள்ளே போய்ச் சேர நேரமாயிற்று. “அப்ப கருத்தரங்குல வாசிச்சீங்களேங்க சார்? நான் எந்திரிச்சுக் கை தட்டினேனே?” “அதுவும் எச்சில்தான்,” என்றார் அரங்கநாயகம். “சார், போலீஸ்காரங்க வந்தாச்சுங்க சார், இவன் வாழ்க்கைங்க சார்.” “இவனே துப்பி நூறு பச்சை வந்திருந்தாலும் இன்னிக்கு ஆடக்கூடாது. இதக் காலையிலேயே நான் சொல்லியிருக்கணும். வண்டியக் கூப்பிடுங்க, ஆஸ்பத்திரிக்குப் போகணும்.” “நான் ஆடறேங்க சார்,” என்றான் மருதமுத்து, யாரிடம் என்றில்லாமல், சுவரைப் பார்த்து. அரங்கநாயகம் கையைத் துடைக்காமலே வாசலில் இருந்த போட்டி மேஜைக்குப் போய், மருதமுத்துவின் பெயரை எடுத்துவிடச் சொன்னார். அந்த இடத்துக்கு யார் என்று கேட்டார்கள். அணியில் மிச்சமிருந்த ரெய்டர் ஒருவன்தான், அவன் பெயரைச் சொன்னார்.

கருத்தரங்க மலர் வெளிவந்தபோது அவருடைய கட்டுரை இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கொசுவலைக் கம்பெனியின் முழுப்பக்க விளம்பரம் இருந்தது. மருதமுத்து ஒரு மாதம் இருட்டறையில் படுத்திருந்துவிட்டு வகுப்புக்குத் திரும்பினான், பெயர்களை மறக்காமல். அன்றைய இறுதியாட்டத்தில் கல்லூரி தோற்றது. போலீஸ் அணிக்காரர்கள் லோகுவை எடுத்துக்கொண்டார்கள்.